மொட்டைக் கடுதாசி போடுவதற்கு முன்னால்

முதலில் கேள்வி என்ன என்று சொல்லிவிடுகிறேன். கேட்டவர் பி.காம். படித்த ஒரு தம்பி. திருநெல்வேலிக்கு வடக்கே ஒரு தொழிற்சாலையில் நான்கு வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறார். அங்கே சுமார் 120 பேர் வேலை செய்கிறார்கள். அதில் 70 பேர் காண்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள். அந்த 70 பேர் சம்பளத்தில் எட்டு மாதமாகப் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்திருக்கிறார்கள், ஆனால் கட்டவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் மெஷினில் மாட்டி ஒரு பையனுக்கு ஆள்காட்டி விரல் போய்விட்டது. தனியார் ஆஸ்பத்திரியில் காட்டி, கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, அன்றைக்கு அவன் வேலைக்கே வரவில்லை என்று வருகைப் பதிவைத் திருத்திவிட்டார்கள். முதலாளி இவருடைய அப்பாவுக்குப் பழக்கமானவர், வேலை கிடைத்ததே அந்தப் பழக்கத்தில்தான். "அண்ணாச்சி முகத்தைப் பார்த்து இதையெல்லாம் கேட்க முடியாது. பெயர் போடாமல் ஒரு கடுதாசி போட்டுவிடலாமா? போட்டால் வேலை தப்புமா? புகார் சொல்பவர்களைக் காப்பாற்றச் சட்டம் இருக்கிறதாமே?" இதுதான் அவர் கேட்டது.

நான் பாளையங்கோட்டையில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகத் தொழிலாளர் வழக்குகள் பார்ப்பவன். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதற்குத்தான் பதில் சுருக்கம்.

ஊழலை வெளியே சொல்பவர்களைப் பாதுகாக்க 2014-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரும் ஒப்புதல் கொடுத்தார். நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை மட்டும் பத்து வருடம் தாண்டியும் வரவில்லை. வந்திருந்தாலும் அது அரசு ஊழியர்கள் செய்யும் தவறுகளுக்கானது. தனியார் முதலாளி அதற்குள் வரமாட்டார். 2013-ம் வருட கம்பெனிகள் சட்டத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி, பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கும் கம்பெனி, வங்கிகளிலும் பொது நிதி நிறுவனங்களிலும் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கிய கம்பெனி ஆகியவை ஊழியர் புகார் சொல்ல ஒரு வழி வைத்திருக்க வேண்டும், சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. உங்கள் கம்பெனிக்கு எவ்வளவு கடன் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? 50 கோடி தாண்டினால் அப்படி ஒரு வழி இருக்கிறதா என்று பாருங்கள். குடும்பக் கம்பெனி என்றால் புகாரை வாங்க வேண்டியவர் முதலாளியின் மச்சினராகவே இருப்பார், அதையும் மனதில் வையுங்கள்.

சரி, மொட்டைக் கடுதாசிக்கு வருவோம்.

பெயரும் முகவரியும் இல்லாத புகார் மீது நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்பது மத்திய அரசு அலுவலகங்களில் இருக்கும் உத்தரவு. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இரண்டும் மத்திய அரசு அமைப்புகள். எப்போதாவது ஒரு அதிகாரி ஆர்வப்பட்டு எடுத்துப் பார்ப்பார், அதை நம்பி நாம் இறங்க முடியாது. இது முதல் சிக்கல்.

இரண்டாவது, நம்ம ஊரில் பெயர் போடாவிட்டாலும் பெயர் தெரிந்துவிடும். உங்கள் கம்பெனியில் பி.எஃப். செலான் எத்தனை மாதம் பாக்கி என்று சரியாகத் தெரிந்தவர்கள் யார் யார்? முதலாளி, மேனேஜர், ஆடிட்டர் ஆபீசில் ஒருவர், நீங்கள். கடுதாசியில் 'எட்டு மாதம்' என்று எழுதினாலே கீழே கையெழுத்துப் போட்ட மாதிரிதான். ஒருமுறை ஒரு முதலாளி என் எதிரிலேயே ஒரு மொட்டைக் கடுதாசியின் நகலை மேஜையில் விரித்து, "ஒரு பக்கத்துக்குள்ள ஏழு 'மேற்படி' போட்டிருக்கான் சார், எங்க ஸ்டோர் கீப்பரைத் தவிர இப்படி எழுத ஆள் கிடையாது" என்றார். அவர் சொன்னது சரியாகவும் இருந்தது.

மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. நாளைக்கு உங்களை வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நான் புகார் செய்ததால்தான் எடுத்தார்கள்' என்று நீங்கள் சொல்ல வேண்டும். எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்து, "எந்தப் புகார்? இவர் பெயரில் எங்கேயும் ஒரு காகிதமும் இல்லையே" என்பார். பழிவாங்கலை நிரூபிக்க வேண்டுமானால் புகார் முந்தியும் தண்டனை பிந்தியும் தேதியோடு இருந்தாக வேண்டும். மொட்டைக் கடுதாசி போட்டவருக்கு அந்த முதல் தேதியே கிடையாது. முதலாளிக்கு மட்டும் யார் எழுதியது என்று தெரியும், கோர்ட்டுக்குத் தெரியாது. இதைவிட மோசமான இடத்தில் ஒருவர் நிற்க முடியாது.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது, பெயரைப் போடுங்கள், வெளியே விடாதீர்கள் என்று அதே காகிதத்தில் எழுத்தாகக் கேளுங்கள் என்பதுதான். 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு சேர்த்தார்கள்: புகார் யாரிடமிருந்து வந்தது என்பதை இன்ஸ்பெக்டர் ரகசியமாக வைத்திருக்க வேண்டும், சோதனைக்குப் போகும்போது 'புகாரின் பேரில் வந்தோம்' என்றுகூட முதலாளியிடம் சொல்லக் கூடாது. 2025 நவம்பர் 21-லிருந்து நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து பழைய சட்டங்கள் பலவும் அவற்றுக்குள் போய்விட்டன, எண்களும் பெயர்களும் மாறிவிட்டன. அதனால் இந்தப் பதிலில் பிரிவு எண்களை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். ரகசியம் காக்கச் சொல்லிக் கேட்பதற்கு எண் தேவையில்லை.

கேட்டால் காப்பாற்றிவிடுவார்களா என்றால், எப்போதும் இல்லை. சத்யேந்திர துபே என்று ஒரு இன்ஜினியர், தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்தில் பீகாரில் வேலை பார்த்தவர். சாலைப் பணியில் நடந்த முறைகேட்டைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுத்தான் எழுதினார். கடிதம் பெயரோடு மேஜை மேஜையாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கோபத்துக்குப் பிறகுதான் 2004-ல் மத்திய அரசு ஒரு ஏற்பாடு செய்தது: மத்திய அரசுத் துறைகள், பொதுத்துறை நிறுவனங்கள், அரசு வங்கிகள் பற்றிய புகாரை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு மூடிய உறையில் அனுப்பலாம். உறை மேல் 'பொதுநல வெளிப்படுத்தல்' புகார் என்று எழுத வேண்டும். உங்கள் பெயரும் முகவரியும் உறைக்கு உள்ளே இருக்க வேண்டும், வெளியே இருக்கக் கூடாது. தம்பிக்கு இது பொருந்தாது. ஆனால் இதைப் படிப்பவர்களில் கூடங்குளம் அணுமின் நிலையத்திலோ மகேந்திரகிரி இஸ்ரோ மையத்திலோ ஒரு அரசு வங்கிக் கிளையிலோ வேலை பார்ப்பவர் இருக்கலாம், அவருக்காகச் சொல்கிறேன். மாநில அரசு அலுவலகத்து லஞ்சம் என்றால் லஞ்ச ஒழிப்புத் துறை.

இனி உங்கள் விஷயம். நீங்கள் 'நான் எப்படிச் சொல்வது' என்று கேட்கிறீர்கள். இதை நீங்கள்தான் சொல்ல வேண்டுமா என்பதை முதலில் பார்ப்போம். அதற்கு முன்னால் எங்கள் அம்மா கதை.

நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலம். கடையம் பக்கம் ஒரு கிராமம். அம்மா பீடி சுற்றினாள், தெருவில் எல்லோருமே சுற்றினார்கள். பீடிக் கடையில் ஒரு பெண் பெயரில் பாஸ் புத்தகம் இருக்கும். அந்த ஒரு புத்தகத்தில் மூன்று பேர் பீடி போடுவார்கள். பி.எஃப். பிடிப்பது அந்த ஒரு பெயருக்குத்தான், மற்ற இரண்டு பேர் கணக்கிலேயே இல்லை. எதிர்வீட்டுச் சித்தி ஒருத்தி, தைரியசாலி, தனியாகப் போய்க் கணக்குப்பிள்ளையிடம் 'எனக்குப் புத்தகம் வேணும்' என்று கேட்டாள். அவர் கோபப்படவே இல்லை. 'பார்ப்போம்மா' என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து அவளுக்கு வந்த இலை மாறிவிட்டது. காய்ந்து நொறுங்கும் இலை, ஓட்டை இலை. ஆயிரம் பீடிக்கு என்று கொடுத்த இலை எழுநூறுக்குக் காணாது. மிச்சத்துக்குக் கைக்காசு போட்டு இலை வாங்கினாள். அந்த இலையில் சுற்றிய பீடியைக் கொண்டுபோனால் கழிவு என்று கட்டுக்கட்டாகத் தள்ளிவிடுவார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை, வேலையைவிட்டு நிறுத்தவில்லை. இலை மட்டும் மாறியது. மூன்று மாதத்தில் அவளே போய், 'புத்தகம் வேண்டாம், பழைய இலையே கொடுங்க' என்று கேட்டாள்.

அப்புறம் சங்கத்துக்காரர் ஒருவர் ஊருக்கு வந்தார். வீட்டில் இருந்து சுற்றுகிறவர்களுக்கும் பி.எஃப். உண்டு என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்பதை எங்கள் தெருவில் முதலில் சொன்னவர் அவர்தான். ஒரு நாள் காலையில் பதினோரு பெண்கள் செங்கோட்டை லைன் பாசஞ்சரில் ஏறித் திருநெல்வேலி லேபர் ஆபீசுக்குப் போனார்கள். அம்மாவும் போனாள், அந்தச் சித்தியும் போனாள். ஆளுக்கொரு காகிதத்தில் தங்கள் கணக்கை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள்: இத்தனை வருடமாகச் சுற்றுகிறேன், இன்னார் புத்தகத்தில் போடுகிறேன். பதினோரு பேருக்கும் சேர்த்து மோசமான இலை கொடுத்தால் அந்தக் கடைக்குப் பீடி வராது, கணக்குப்பிள்ளைக்குத்தான் நஷ்டம். புத்தகங்கள் பிரிய ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது, இரண்டு பேருக்குக் கடைசிவரை கிடைக்கவும் இல்லை. ஆனால் இலை மாறவில்லை.

இப்போது உங்கள் தொழிற்சாலையைப் பாருங்கள். அந்த 70 பேரின் பணம் அது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பி.எஃப். எண் இருக்க வேண்டும். உமாங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்தாலோ, பதிவு செய்த போனிலிருந்து 99660 44425-க்கு மிஸ்டு கால் கொடுத்தாலோ கடைசியாக எந்த மாதம் பணம் விழுந்தது என்று தெரிந்துவிடும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறது, பாஸ்புக்கில் வரவு இல்லை. இந்த இரண்டு காகிதமும் சேர்ந்தாலே புகார் முழுமையாகிவிடும். கணக்குப் பிரிவின் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு துரும்பும் வேண்டாம். காண்ட்ராக்டர் கட்டவில்லை என்று உங்கள் முதலாளி கைகழுவ முடியாது, காண்ட்ராக்டர் ஆட்களின் பி.எஃப்.புக்கு அவர்களிடம் வேலை வாங்கும் முதன்மை நிறுவனமும் பொறுப்பு. பிந்திக் கட்டினால் வருடத்துக்கு 12 சதவீத வட்டி, அபராதம் தனி. தொழிலாளி சம்பளத்தில் பிடித்ததைக் கட்டாமல் வைத்திருப்பது குற்றவியல் சட்டப்படி நம்பிக்கை மோசடி.

ஆகவே அந்த 70 பேரில் பத்துப் பேர் தங்கள் தங்கள் எண்ணில் ஆளுக்கொரு புகார் போட்டால், அதில் உங்கள் வாடையே அடிக்காது. டீக்கடையில் ஒருவரிடம், 'பாஸ்புக் பார்த்தியா, எவ்வளவு ஏறியிருக்கு?' என்று கேட்பது கம்பெனி ரகசியத்தை வெளியிடுவது ஆகாது. நான் உங்களைக் கோழையாக இருக்கச் சொல்லவில்லை. பணம் யாருடையதோ அவர் கேட்கும்போது அதிகாரி தட்டிக்கழிக்க முடியாது, முதலாளியும் 'இவனுக்கு இதில் என்ன வேலை' என்று கேட்க முடியாது.

இதற்கு நடுவில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதைக் கட்டாயம் செய்யுங்கள். ஒரு மாத பி.எஃப். அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். 16-ம் தேதி மேனேஜருக்கு ஒரு மின்னஞ்சல்: "சார், போன மாத செலான் கோப்பில் இல்லை. எப்போது கட்டப்போகிறோம் என்று சொன்னால் கணக்கில் குறித்துக்கொள்கிறேன்." அவ்வளவுதான். குற்றம் சாட்டாதீர்கள், சட்டம் பேசாதீர்கள். கணக்கர் கேட்க வேண்டிய கேள்வியைக் கணக்கர் கேட்டிருக்கிறார், அதற்குத் தேதி இருக்கிறது. பின்னால் விசாரணை வந்து 'கணக்கு எழுதியவனும் கூட்டுதான்' என்று யாராவது சொன்னால் அந்த நான்கு வரிதான் உங்களுக்குத் துணை. சில முதலாளிகள் இப்படி எழுத்தில் கேள்வி வந்த உடனே சத்தமில்லாமல் கட்டியும் விடுகிறார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

கம்பெனி டேட்டாவைப் பென் டிரைவில் அள்ளிக்கொண்டு வருவது மட்டும் வேண்டாம். புகார் செய்தவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதில்தான். முறைகேடு ஒரு பக்கம் கிடக்க, தகவல் திருடினார் என்று இவர் மேல் போலீஸ் புகார் வரும். உங்களுக்கு வந்த மெயில், உங்கள் சம்பளச் சீட்டு, நீங்கள் கண்ணால் பார்த்ததைத் தேதி போட்டு வீட்டு நோட்டில் எழுதிய குறிப்பு, இவை போதும். எங்கே எந்த ஆவணம் இருக்கிறது என்று சொன்னால் அதை வரவழைக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. ஆபீஸ் போனிலோ ஆபீஸ் வைஃபையிலோ இதைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். போனில் இருக்கும் செய்தியோ படமோ சாட்சியாகப் போக வேண்டுமானால் அதற்குத் தனியாகச் சான்று தேவைப்படும், அதனால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் வைத்துக்கொண்டு பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். புகாரைத் தபாலில் அனுப்பினால் ஒப்புகையோடு அனுப்புங்கள். 2025-ல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, டெலிவரி சான்றையும் கேட்டு வாங்க வேண்டும்.

இப்போது விரல் போன பையன். உங்கள் கடிதத்தில் இதை இரண்டு வரியில் சொல்லிவிட்டு பி.எஃப்.புக்குப் போய்விட்டீர்கள். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. பி.எஃப். பாக்கி கணக்கில் இருக்கும், சில மாதம் பிந்தினாலும் வசூல் செய்யலாம். இந்த விபத்துக்கோ சாட்சிகள் நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருக்கின்றன. சிசிடிவி பதிவு சில வாரத்தில் அழிந்துவிடும், அநேகமாக ஏற்கெனவே அழிந்திருக்கும். கூட நின்றவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள்.

ஈ.எஸ்.ஐ. கணக்குப்படி ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீதம் இழப்பு. நாள் சம்பளம் 500 ரூபாய் என்று வையுங்கள். அதில் 90 சதவீதம் 450. 450-ல் 14 சதவீதம் 63. ஒரு நாளைக்கு 63 ரூபாய், மாதத்துக்குக் கிட்டத்தட்ட 1,900 ரூபாய், அவன் உயிரோடு இருக்கும்வரை. வேறு வேலைக்குப் போனாலும் அது நிற்காது. இருபது வயதுப் பையனுக்கு இது எத்தனை வருடம் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள், கையில் கொடுத்த அந்தக் கொஞ்சம் பணத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். முதலாளி மறைத்தது ஒரு விபத்தை மட்டும் என்று நினைக்க வேண்டாம். காயத்தால் 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாமல் போனாலே தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்குத் தகவல் போக வேண்டும் என்பது பழைய சட்டத்திலேயே இருந்த விதி. இங்கே விரலே போயிருக்கிறது.

அவன் வேலைக்கு வந்தான் என்பதற்குச் சாட்சி வருகைப் பதிவில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் சேர்த்த நேரமும், எப்படி அடிபட்டது என்று எழுதியதும் இருக்கும். கூட்டிப்போன வண்டி யாருடையது, பில் கட்டியது யார் கார்டில் என்பதும் இருக்கும். வேலைக்கே வராத பையனுக்குக் கம்பெனி ஏன் ஆஸ்பத்திரி பில் கட்டியது? அந்த ஒரு செலவுச் சீட்டு உங்கள் கணக்கிலேயே எங்காவது 'இதரச் செலவு' என்று உட்கார்ந்திருக்கும். எடுக்காதீர்கள், எந்தத் தேதி, எந்த எண் என்று நினைவில் வையுங்கள். இங்கேயும் முதல் மனு பையன் பெயரில் போகட்டும்: ஒன்று ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு, ஒன்று தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் திருநெல்வேலி அலுவலகத்துக்கு. நீங்கள் சாட்சியாக வாருங்கள், கூப்பிடும்போது.

வருகைப் பதிவைத் திருத்தியது யார் கை? கேட்க மனசில்லைதான், ஆனாலும் கேட்க வேண்டும். உங்கள் கை என்றால் எதுவும் எழுதுவதற்கு முன்னால் ஒரு வக்கீலைப் பாருங்கள். காசு ஒரு தடை இல்லை, தொழிலாளிக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் இலை மாறும். உங்களுக்கு அது எப்படி வரும் என்று சொல்கிறேன். முதலில் ஒரு சாவி போகும், பீரோ சாவியோ டேலி பாஸ்வேர்டோ. அப்புறம் மூன்று நிமிடம் தாமதத்துக்கு ஒரு மெமோ. ஓசூர் யூனிட்டுக்குப் போகச் சொல்வார்கள். கடைசியில் அண்ணாச்சியே கூப்பிட்டு, 'உங்கப்பாவுக்காகச் சொல்லுதேன், நீயா எழுதிக் கொடுத்துட்டுப் போயிரு' என்பார். அந்த ராஜினாமாவை மட்டும் எழுதாதீர்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்தும் வேண்டாம். மிரட்டி வாங்கிவிட்டார்கள் என்றால் அன்றைக்கே, மறுநாள்கூட இல்லை, 'கட்டாயத்தில் எழுதினேன், திரும்பப் பெறுகிறேன்' என்று மெயிலும் தபாலும் அனுப்புங்கள். மெமோ ஒவ்வொன்றுக்கும் மரியாதையாக எழுத்தில் பதில் கொடுங்கள். எழுத்து வேலை பார்ப்பவரும் சட்டப்படி தொழிலாளிதான். பழிவாங்கும் நோக்கத்தில் வேலைநீக்கம் செய்வது நியாயமற்ற தொழில் நடைமுறை என்று பழைய சட்டத்திலும் இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. தொழில் தகராறு ஒன்று லேபர் ஆபீசில் சமரச அதிகாரி முன்னால் நிலுவையில் இருக்கும்போது, அதில் சம்பந்தப்பட்ட தொழிலாளியின் வேலை நிலைமையைத் தகராறு சார்ந்த விஷயத்தில் பாதகமாக மாற்றக் கூடாது என்றும் உண்டு. அதனால் ஓசூர் ஆர்டர் கைக்கு வந்த வாரமே லேபர் ஆபீஸ் படி ஏறுங்கள். வேலை போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருப்பவர்கள்தான் நிறைய. அதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

வேலை தப்புமா என்று கேட்டீர்கள். தப்பலாம், தப்பாமலும் போகலாம். கோர்ட்டில் ஜெயிக்க வருடங்கள் ஆகும். வீட்டில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது, தங்கச்சி கல்யாணக் கடன் இருக்கிறதா, வேறு வேலை கிடைக்குமா என்பதையெல்லாம் கணக்குப் போட்டுவிட்டு இறங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அண்ணாச்சி வாயிலிருந்து அவர் இதைக் கேட்டார் என்றால் வீட்டுக்குள்ளேயே இன்னொரு வழக்கு நடக்கும்.

அடிதடி, கொலை மிரட்டல் வரை போகுமா என்ற பயத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். முறப்பநாடு இங்கிருந்து எவ்வளவு தூரம்? 2023 ஏப்ரல் 25 அன்று அந்தப் பகுதியின் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸைப் பட்டப்பகலில் அவர் அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். தாமிரபரணியில் மணல் அள்ளுவதைப் பற்றிப் போலீசில் புகார் கொடுத்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அரசு ஊழியர், கடமையைச் செய்தார், எழுத்தில் செய்தார். அதே செப்டம்பரில் இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. மணல், கல் குவாரி விஷயங்களில் புகார் செய்பவர்களுக்கு நான் சொல்லும் முறையே வேறு: தனி ஆளாக வேண்டவே வேண்டாம், உள்ளூர் ஸ்டேஷனோடு நிறுத்தவும் வேண்டாம். குவாரிக்குள் தொழிலாளர் பாதுகாப்பு என்றால் போக வேண்டிய இடம் மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம். தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு எழுதி மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் கல் குவாரியில் பாறை சரிந்து ஆட்கள் இறந்த பிறகுதான் இந்த வித்தியாசமே பலருக்குத் தெரியவந்தது. கொடுங்குற்ற வழக்கில் சாட்சியாகிவிட்டவர்களுக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனு கொடுக்க வேண்டும், போலீஸ் அச்சுறுத்தல் அறிக்கை தர வேண்டும். உங்கள் பி.எஃப். விவகாரத்துக்கு அது தேவைப்படாது. ஒரே ஒரு மிரட்டல் போன் வந்தாலும் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள், அது போதும்.

இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒன்று. உங்கள் பிரச்சினை பாலியல் தொல்லை என்றால் மேலே சொன்ன சுற்றுவழி வேண்டாம், 2013-ம் வருடச் சட்டத்தில் நேர்வழி இருக்கிறது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில் உள் புகார்க் குழு, சிறு கடை என்றால் மாவட்ட அளவிலான குழு. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நிரூபிக்க முடியாமல் போனது என்பதற்காக மட்டும் உங்கள் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. டவுனில் ஜவுளிக் கடைகளில் நிற்கும் பிள்ளைகள் பலருக்கு இப்படி ஒரு குழு இருப்பதே தெரியாது.

தம்பி, நாளைக்கு ஆபீஸ் போனதும் எதையும் எழுத வேண்டாம். ஒரு விஷயம் மட்டும் பார்த்துவையுங்கள். விரல் போன பையனுக்கு ஈ.எஸ்.ஐ. எண் எடுத்திருக்கிறார்களா, எடுத்திருந்தால் எந்தத் தேதியில்? விபத்துக்கு முந்தைய தேதியா, விபத்து நடந்த அன்று சாயங்காலம் அவசரமாக எடுத்த எண்ணா? முந்தைய தேதி என்றால் பையனுடைய வழி லேசு. அன்று சாயங்காலம் எடுத்தது என்றால், வேலைக்கே வராதவனுக்கு அன்றைக்கு எதற்கு எண் எடுத்தார்கள் என்று அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். எண்ணே இல்லை என்றால் வழி வேறு, செலவு முழுக்க முதலாளி தலையில் விடியும். மூன்றில் எது என்று தெரிந்ததும் எழுதுங்கள், பையனுடைய மனுவை நானே எழுதித் தருகிறேன்.